பாய்லர் அண்ணாச்சி பனிமலைக்குப் போனார்

குளிரைப் பார்த்து "உன் பிரஷர் என்ன?" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் புனேயில், சாங்வியில், என் கடைக்கு எதிர் மாடியில் குடியிருக்கிறார். பாய்லர் அண்ணாச்சி என்றால் சாங்வியிலிருந்து ஔந்த் வரை தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயர் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பனிமலைக்கு நாங்கள் போன ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணாச்சியும் எங்களோடு சேர்ந்து சுற்றிலும் பார்த்தார். "யாரோ வண்டியத் தவற விட்டுட்டான் போல, பாவம்" என்றார். அது அவருடைய பெயர்தான்.

நான் அதே தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவன். திண்டுக்கல் பக்கம் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பேச்சு அதற்கும் முன்பே முடிந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள். கடைக்கு வருகிறவர்கள் இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு பாக்கெட் கொடுப்பேன். அத்தோடு வியாபாரம் தீர்ந்தது. நான்கு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட நான் பனிமலைக் காட்டில் நின்று ஒரு டம்ளரை அடித்துக் கத்தினேன் என்றால் அதற்கு முழுக்காரணம் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சி ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் பாய்லர் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. ஆனால் ஓய்வு பெற்ற செய்தியை அவர் கைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் குத்தியிருக்கும். ஒரு நோட்டும் பென்சிலும் உண்டு. மணிக்கு ஒருமுறை எதையாவது அளந்து எழுதியாக வேண்டும். வீட்டில் அண்ணி இட்லி வைத்தால் "7.00 — இட்லி. ஆவி நார்மல்" என்று எழுதுவார். அண்ணி கோபமாக இருந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு என்று கேள்வி.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதே குளிரால்தான். டிசம்பர் மாதத்தில் புனேயில் மாவு பொங்காது. நேற்று அரைத்த மாவு இன்று காலையிலும் நேற்று மாதிரியே இருக்கும். ஒருநாள் அண்ணாச்சி கடைக்குள் எட்டிப் பார்த்து மாவு டிரம்மில் தெர்மாமீட்டரைச் செருகினார்.

"பதினாறு. என்ன வே இது, மாவு உயிரில்லாம கெடக்கு?"

நான் சிரித்து வைத்தேன்.

"சிரிச்சா சூடு ஏறாது. லேகிங் போடணும், சூடு வெளிய போகாம சுத்திக் கட்டணும்."

அன்று மத்தியானமே டிரம்மைச் சுற்றிக் கோணி, கோணியைச் சுற்றிப் பழைய பஞ்சுப் போர்வை, போர்வையைச் சுற்றிக் கயிறு என்று ஒரு கர்ப்பிணியைப் போல அதை ஆக்கிவிட்டார். அடியில் வெந்நீர்க் குழாய் ஒன்றைச் சுருட்டிவிட்டார். எனக்கு ஔந்தில் ஒரு மெஸ்ஸுக்கு மாவு கொண்டுபோக வேண்டியிருந்தது. "கொஞ்சம் பாத்துக்கங்க அண்ணாச்சி, பத்து நிமிஷத்துல வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவரிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. அப்போது எனக்குத் தெரியாது.

ஔந்த் சாலையில் ஏதோ ஊர்வலம். பத்து நிமிடம் மூன்றரை மணி நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் கடையிலிருந்து மாவு இறங்கி வந்துகொண்டிருக்கிறது. படியில் இறங்கி, நடைபாதையைத் தாண்டி, நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தைப் பாதி மூடியிருந்தது. உள்ளே, கணுக்கால் மாவில், டிரம் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நிற்கிறார். மீசையில் மாவு.

"அண்ணாச்சி, வெளிய வந்திருக்கலாமே."

"ரிலீவர் வராம எடத்த விட்டு எப்படி வே வாரது?"

இதுதான் அண்ணாச்சி. பாய்லர் அறையில் ஒரு சட்டம் உண்டாம். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, ரீடிங் பார்த்து, "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் இருக்கிற ஆள் நகரலாம். எழுந்து போய்விட்டால் பாய்லர் வெடித்துவிடும். பாய்லர் போய் ஏழு வருடம் ஆகியும் சட்டம் போகவில்லை. பேருந்தில் யாராவது "இந்தப் பைய பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினால், அவர் திரும்பி வரும்வரை அண்ணாச்சி தன் நிறுத்தத்தில் இறங்க மாட்டார். அண்ணியிடம் கேட்டால் அதைவிடப் பெரிய கதை சொல்வார்.

"எங்க கல்யாண வரவேற்பு அன்னைக்கு மாப்பிள்ளைய காணும். பாக்டரிக்கு ஆள் போயிப் பாத்தா, ரிலீவர் வரலன்னு பாய்லர் முன்னாடி நிக்காக. எங்கப்பா அங்கனயே போயி சந்தனம் பூசிட்டு வந்தாக. நான் இங்க தனியா நாற்காலில உக்காந்து போட்டோவுக்குச் சிரிச்சிட்டிருந்தேன்."

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பனிமலை உச்சிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும்.

முதல்முறை கேட்டபோது எனக்கும் உங்களைப் போலத்தான் இருந்தது. காஸ் அடுப்பு வீட்டிலேயே இருக்கிறதே. அண்ணாச்சி விளக்கினார்.

"பிரஷர் ஏத்துனா தண்ணி லேட்டா கொதிக்கும் வே. அதத்தான் முப்பத்தி மூணு வருஷம் பாத்தேன். மலைக்கு மேல போகப் போக காத்தோட பிரஷர் கொறையும். அங்கன தண்ணி நூறு வரைக்கும் போகாது, அதுக்கு முன்னாலயே கொதிச்சிரும். படிச்சவன் எல்லாம் சொல்லுதான். நான் கண்ணால பாக்கல. ஒருக்கா பாத்துட்டேன்னா என் டூட்டி முடிஞ்சிரும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் முறை சர்க்கஸுக்குக் கூட்டிப்போகப்படும் பிள்ளைக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இருக்காது. தொழிற்சாலையில் இருந்தவரை லீவு போட முடியவில்லை, ரிலீவர் கிடைக்காது. இப்போது அறுபத்தேழு வயது. முழங்கால் ஒன்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. "இந்த வருஷம் ஏறலன்னா அப்புறம் படத்துலதான் பாக்கணும்" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகும் தமிழ் ஆட்களின் கூட்டம் ஒன்று எங்கள் பக்கம் உண்டு. வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற மேனேஜர் சார்தான் தலைவர். அவர்தான் உத்தராகண்டில் குளிர்காலப் பனி நடை என்று ஏற்பாடு செய்தார். காட்டு வழியாக மூன்று நாள் நடந்து, கிராமங்களில் தங்கி, நான்காம் நாள் உச்சி. அறிவித்த அன்றே அண்ணாச்சி பெயர் கொடுத்தார். கூடவே என் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"நான் எதுக்கு அண்ணாச்சி?"

"குளிர்ல மாவு எப்படி நடந்துக்கும்னு பாக்கணும்லா."

மாவு என்றால் நான். மறுத்துச் சொல்ல வேண்டுமானால் மேனேஜர் சாரிடம் போய் நான்கு வாக்கியம் பேச வேண்டும். அதற்கு மலை ஏறுவது சுலபம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மொத்தம் பதினோரு பேர். பாதிப்பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள்.

பயிற்சி என்று இரண்டு மாதம் ஞாயிறுதோறும் கடக்வாஸ்லா அணையைத் தாண்டிப் போய் சிங்ககட் கோட்டை ஏறினோம். மற்றவர்கள் பையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். அண்ணாச்சி இரண்டு செங்கல் வைத்துக்கொண்டு ஏறினார். அரை மணிக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைப்பார். ஒருமுறை நாங்கள் வரிசையாக வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்து, கோட்டைக்கு வந்த ஒரு மராட்டிக் குடும்பமும் வரிசையில் சேர்ந்துகொண்டது. ஆறு பேர் முடிந்த பிறகு குடும்பத் தலைவர், டாக்டரா என்று மராட்டியில் மரியாதையாகக் கேட்டார்.

"தும்ஹி டாக்டர் ஆஹாத் கா?"

"நாஹி. பாய்லர்" என்றார் அண்ணாச்சி.

அந்த மனிதர் அதை மனைவியிடம் சொன்னார். இருவரும் அவரை வணங்கிவிட்டுப் போனார்கள். ஏதோ பெரிய படிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஜனனி என்று ஒரு பெண். ஔந்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழை ஹிந்திக்கு நடுவில் ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வாள். "அங்கிள், செங்கல் ஏன்? வெயிட் வேணும்னா என் லேப்டாப் தூக்குங்க நா" என்று அவரைக் கிண்டல் செய்துகொண்டே வருவாள். அவருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நோட்டில் "ஜனனி — 37. வாய் ஓவர்லோடு" என்று எழுதியிருந்தார்.

ஒருவழியாக டிசம்பர் கடைசியில் கிளம்பினோம். ரயில், பிறகு பஸ், பிறகு ஜீப். ஜீப் நின்ற இடத்தில் இறங்கினால் தேவதாரு மரங்கள் வானத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன. சாலை ஓரத்தில், குப்பைமேடு மாதிரி ஒரு குவியலாக, அழுக்குப் பிடித்த பனி கொஞ்சம் கிடந்தது. எல்லோரும் படம் எடுக்க ஓடினார்கள். அண்ணாச்சி ஓடவில்லை. மெதுவாகப் போய், சம்மணம் போட்டு உட்கார்ந்து, தெர்மாமீட்டரைச் செருகிக் காத்திருந்தார்.

"சைபர். கரெக்டா சைபர். கள்ளம் கபடம் இல்லாத பய வே இது."

முதல் நாள் தங்கிய கிராமத்தில் மரத்தால் கட்டிய மாடி வீடுகள். கீழே மாடுகள், மேலே மனிதர்கள். வீட்டுக்கு நடுவில் புகாரி என்று ஓர் இரும்பு அடுப்பு, அதிலிருந்து கூரை வரைக்கும் ஒரு குழாய். எங்களுக்குக் கொடுத்த அறையில் புகாரி கொஞ்சம் புகைந்தது. நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அண்ணாச்சி சட்டைக் கையை மடக்கினார்.

அரை மணியில் குழாயைக் கழற்றி, கரியைத் தட்டி, திரும்ப மாட்டிவிட்டார். புகை நின்று நெருப்பு உறுமியது. வீட்டுக்கார அம்மாள் வெளியே போய் யாரிடமோ சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்தக் கிராமத்தில் இருந்த பன்னிரண்டு வீட்டுப் புகாரிகளையும் அண்ணாச்சி திறந்து பார்த்துவிட்டார். முகம் முழுக்கக் கரியோடு, கையில் ராஜ்மா கிண்ணத்தோடு திரும்பி வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். "பாய்லர் பாபா" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இரண்டாவது நாள் நாங்கள் அடுத்த கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வழியிலேயே இரண்டு பேர் குழாயோடு நின்றார்கள்.

எங்கள் வழிகாட்டி பிரேம் சிங் என் வயதுக்காரர். "உச்சியில் பன்னிரண்டு மணிக்கு மேல் யாரும் நிற்கக்கூடாது. காற்று கிளம்பிவிடும். யார் எங்கே இருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டும்" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். பையில் சின்ன அடுப்பும் ஒரு கெட்டிலும் வைத்திருந்தார். தெர்மாமீட்டரை மட்டும் இரண்டு காலுறைகளுக்குள் போட்டு நெஞ்சோடு கட்டியிருந்தார்.

இப்போது என் காலணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஜோடி. புதுசு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சொல்லவில்லை, கேட்டபோது தலையாட்டினேன். மூன்றாம் நாளே வலது காலின் அடி வாய் திறந்து பார்த்தது. யாரிடமாவது சொன்னால் கூட்டம் முழுக்க நின்று என் காலைப் பார்க்கும். பசை போட்டு மூடிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

நான்காம் நாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். காடு முழுக்க வெள்ளை. கிளைகள் பனியின் பாரத்தில் குனிந்து நின்றன, ஒன்றைத் தொட்டால் தலைமேல் ஒரு மூட்டை விழும். யாருக்கும் வயது ஞாபகம் இல்லை. மேனேஜர் சாரே ஒரு உருண்டை பிடித்து ஜனனி மேல் எறிந்தார். நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். எனக்கு உள்ளுக்குள் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து என் காலணியின் அடி முழுவதுமாகக் கழன்றது.

நான் கடைசி ஆள். எனக்கு முன்னால் முப்பது அடியில் நான்கு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். "நில்லுங்க" என்று ஒரு வார்த்தை போதும்.  ஒருவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, ஓகேவா?" என்று கேட்டார். நான் கையை உயர்த்திப் போகச் சொன்னேன். போய்விட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பை நாடாவை அவிழ்த்து அடியைக் கட்டினேன். நூறடி நடந்தால் அவிழும். திரும்ப உட்கார்ந்து கட்டுவேன். அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. முன்னால் போனவர்களின் கால் தடங்கள் கண்முன்னே நிரம்பி மறைந்தன. ஒரு வளைந்த மரத்தைத் தாண்டினேன். கொஞ்ச நேரத்தில் அதே வளைந்த மரத்தைத் தாண்டினேன். மூன்றாவது முறை அது என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. நான் இல்லாதது யாருக்கும் தெரிய வழியில்லை. இருக்கும்போதே தெரியாதே.

வெகுநேரம் அப்படியே நின்றேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது.

டக், டக், டக். பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப, டக், டக், டக்.

சத்தம் வந்த பக்கம் நொண்டிக்கொண்டே போனேன். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு பெரிய தேவதாருவுக்கு முன்னால், வெள்ளையாக ஒரு உருவம் நின்று எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தது. தொப்பி மேல் நான்கு விரல் பனி. மீசையில் பனி. எனக்கு அந்த மாவு டிரம் ஞாபகம் வந்துவிட்டது.

"வந்தீரா வே? பதினொண்ணு பத்து. ரெண்டர மணி நேரம் லேட்."

நடந்தது இதுதான். பிரேம் சிங் முன்னால் போன ஐந்து பேரை வழிநடத்த வேண்டியிருந்தது. அதனால் ஆறாவதாக வந்த அண்ணாச்சியை அந்தப் பிரிவில் நிறுத்தி, "அங்கிள்ஜி, பின்னால் ஐந்து பேர் வருகிறார்கள். இடது பக்கம் மேலே, வலது பக்கம் பள்ளம். பத்து நிமிடம் நின்று எல்லோருக்கும் வழி காட்டிவிட்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். நான்கு பேர் வந்தார்கள். நான் முன்னால் போய்விட்டேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "வாங்க அண்ணாச்சி, எல்லாரும் வந்தாச்சு" என்று கூப்பிட்டார்கள். அண்ணாச்சி வரவில்லை. பின்னால் வருகிறவர் ஐந்து பேர் என்று சொல்லி நிறுத்திய இடம். நாலுதான் ஆகியிருக்கிறது.

நோட்டைப் பனி தட்டிக் காட்டினார்.

"8.40 — மைனஸ் 4. நாலு பேர் தாண்டியாச்சு. ஒரு ஆள் பாக்கி.

9.40 — மைனஸ் 3. பனி ஜாஸ்தி. ஒரு ஆள் பாக்கி.

10.40 — மைனஸ் 3. மாவு இன்னும் வரல."

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். 

"காலக் காட்டும்." பார்த்தார். "இது எப்ப கழண்டுது?"

"நேத்தே வாயத் தொறந்துட்டு அண்ணாச்சி."

"அது தொறந்துட்டு. நீரு ஏன் வே தொறக்கல?"

அந்த நேரத்தில் மேலேயிருந்து பிரேம் சிங் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தார். உச்சியில் எண்ணிப் பார்த்து ஒன்பதே பேர் என்றதும் பதறி இறங்கியிருக்கிறார். "பாபா, பத்து நிமிடம் என்றுதானே சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் காலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பனி நின்று வெயில் வந்திருந்தது. கொட்டும் பனியில் வழி வெட்டிக்கொண்டு கூட்டம் இரண்டு மணி நேரத்தில் ஏறிய உச்சிக்கு, வெட்டிய தடத்தில் இப்போது நாற்பது நிமிடம். இப்போதே கிளம்பினால் பன்னிரண்டுக்குள் ஒருவரைக் கொண்டுபோய்விடலாம். இந்தக் காலோடு நான் ஏற முடியாது. அண்ணாச்சி மட்டும் வரலாம்.

"நீங்க போங்க அண்ணாச்சி" என்றேன்.

"எப்படிப் போக? இங்கன ஆள் வேண்டாமா? எறங்கி வாரவனுக்கும் இதே பிரிவுதான். பள்ளத்துப் பக்கம் எவனாவது போயிட்டான்னா?"

"கொடியை நட்டுவிடுகிறேன்" என்று, அவர் கை காட்டிய பள்ளத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஹிந்தியில் சொன்னார் பிரேம் சிங்.

"கொடி ரீடிங் எடுக்குமா?" என்று தமிழில் கேட்டார் அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக, "பரவால்ல வே. கொதிக்கிறது கொதிக்கத்தான் செய்யும். நான் பாத்தாத்தான் கொதிக்குமாக்கும்" என்றார். சொல்லிவிட்டு, நெஞ்சோடு கட்டியிருந்த தெர்மாமீட்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கையைப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடத்து ஆசை. சத்தம் போடுகிற முழங்கால். இங்கே வரைக்கும் வந்தாயிற்று, இன்னும் நாற்பது நிமிடம். அது கைநழுவிப் போவது என் காலணியால் இல்லை. முப்பது அடி தூரத்தில் போனவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாத என் வாயால் போகிறது.

"அண்ணாச்சி" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. மரத்திலிருந்து கொஞ்சம் பனி விழுந்தது. "நான்தான் உங்க ரிலீவர்."

திரும்பினார்.

"வெளையாடாதீரும்."

"வெளையாடல. நீங்கதான் எனக்கு டிரெய்னிங் குடுத்தீங்க. ரெண்டு டிசம்பர் டிரம் முன்னாடி நின்னிருக்கேன். மணிக்கு ஒருக்கா எழுதத் தெரியும். இடது மேல, வலது பள்ளம். எனக்கு எப்படியும் இங்கதான் நிக்கணும். சார்ஜ் எடுத்துக்கிறேன்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். பிரேம் சிங்குக்குத் தமிழ் தெரியாது. அவரே மலைத்துப்போய் நின்றார்.

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார். குரல் மாறிவிட்டது.

"டெம்பரேச்சர்?"

அவருடைய தெர்மாமீட்டரை வாங்கிப் பனியில் அல்ல, காற்றில் பிடித்தேன். அதற்கே அவர் முகத்தில் ஒரு திருப்தி. "மைனஸ் ரெண்டு."

"போகவேண்டிய ஆள்?"

"மேல போக யாரும் பாக்கி இல்ல. எறங்க வேண்டியது ஒம்பது. உங்களோட பத்து."

"சத்தம்?"

"அஞ்சு நிமிஷத்துக்கு மூணு தட்டு."

நோட்டில் மணியைப் போட்டார். கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். டம்ளர், கரண்டி, பென்சில் மூன்றையும் ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார். தெர்மாமீட்டர் மட்டும் அவரோடு போக வேண்டியது, அதைத் திருப்பிக் கொடுத்தேன். "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொன்னேன். அந்த நொடியில் அவர் காலில் இருந்து ஏதோ சங்கிலி கழன்றது போலிருந்தது. அறுபத்தேழு வயது மனிதர் பனியில் அப்படிப் பாய்வதை நான் எங்கும் பார்த்ததில்லை. பிரேம் சிங் எனக்கு ஒரு கம்பளியையும் தேநீர் பிளாஸ்க்கையும் போட்டுவிட்டு, "பாபா, தீரே, தீரே" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் நின்றேன். டம்ளரை அடித்தேன். முதலில் மெதுவாக. யாரும் இல்லை, காடு மட்டும்தான். பிறகு ஓங்கி அடித்தேன். பிறகு "ஓ" என்று கத்தினேன். எதிர்மலை திரும்ப "ஓ" என்றது. எனக்கு என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுவரை தெரியாது. தெர்மாமீட்டர் இல்லாததால் கையுறையைக் கழற்றி விரலை நீட்டிப் பார்த்து, "12.00 — நல்ல குளிர். எல்லாம் நார்மல்" என்று எழுதினேன். எழுதிவிட்டு உச்சிப் பக்கம் பார்த்தேன். மரங்கள் மறைத்தன. கொதித்ததா இல்லையா என்று காட்டிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

ஒரு மணி சுமாருக்கு மேலே பேச்சுக் குரல்கள். எல்லோருக்கும் முன்னால் அண்ணாச்சி வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"ஏதாவது விசேஷம் உண்டா?"

"எல்லாம் நார்மல்."

நோட்டை வாங்கிப் பார்த்தார். "நல்ல குளிர்" என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றார். அதன் பிறகுதான் முகம் விரிந்து சிரிப்பு வந்தது.

"எம்பத்தேழு வே. எம்பத்தேழுலயே கொதிச்சிட்டு."

மீதியை ஜனனி சொன்னாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "அங்கிள் மேல வரும்போதே பாரா பஜ்னே கோ பாஞ்ச் மினிட், பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம்தான். பிரேம் பையா நீச்சே சலோ, நீச்சே சலோன்னு எறங்கச் சொல்றார். அங்கிள் நகரவே மாட்டேங்கிறார். கெட்டில்ல ஸ்னோ போட்டுட்டு உக்காந்துட்டார். காத்துல அடுப்பு அணையுது. அப்ப மேனேஜர் அங்கிள் போய் காத்துக்கு முதுக காட்டிட்டு உக்காந்தார் நா. அப்புறம் நாங்க எல்லாரும். ரவுண்டா. பிரேம் பையாவும் கூட. பத்து பேர் முதுக காட்டிட்டு ஒரு கெட்டில பாத்துட்டு இருக்கோம். யாருமே வியூ பாக்கல."

ஒரு கையைத் தூக்கிப் பிடித்து எடுத்த வீடியோவைப் போனில் காட்டினாள். சுற்றிலும் கண் கூசும் வெள்ளை, இமயமலையே வரிசையாக நிற்கிறது, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டம் குனிந்திருக்கிறது. நடுவிலிருந்து அண்ணாச்சியின் குரல்: "எம்பத்தி நாலு. எம்பத்தஞ்சு. பேசாதிய. எம்பத்தாறு." பிறகு அவர் குரலும் இல்லை. தண்ணீரின் சத்தம் மட்டும். பிறகு படம் ஆடுகிறது, எல்லோரும் எழுந்து குதித்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி தன் பையைத் திறந்து காலுறை சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார்.

"லேகிங் போட்டுத்தான் கொண்டாந்தேன். ஆனாலும் ஆறிட்டு. குடியும். நீரு நின்னதாலதான் இது கொதிச்சுது."

குடித்தேன். கொஞ்சம் கெட்டில் வாசனை, கொஞ்சம் காலுறை வாசனை. மலையிறங்கும் வழியெல்லாம் அவர் பையிலிருந்த மாற்றுச் செருப்பில் ஒன்றை என் காலில் கயிறு போட்டுக் கட்டி, முன்னால் அவரே பாதையை மிதித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த கிராமத்தில் காத்திருந்த புகாரிகளையும் விடவில்லை.

இந்த வருடக் குளிர் நடைக்கு மேனேஜர் சார் பட்டியல் ஒட்டியிருக்கிறார். இது இன்னும் உயரமான இடம். முதல் பெயர் அண்ணாச்சியுடையது. பார்த்துவிட்டுச் சொன்னார்: "எம்பத்தஞ்சு காட்டுமான்னு ஒரு சந்தேகம் வே. உம்மக் கூப்பிடல, கடைய யாரு பாக்க."

 கடையைப் பார்த்துக்கொள்ள என் மைத்துனனை வரச் சொல்லிவிட்டேன். காலணியும் வாங்கிவிட்டேன், இந்த முறை உண்மையிலேயே புதுசு. பட்டியலில் அவர் பெயருக்கு நேர் கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். ரிலீவர் இல்லாமல் அவரை எங்கேயும் தனியாக நிற்க விட எனக்கு மனமில்லை.